புது மடக்குக் கத்தி: கறை எது, குறை எது?

மடக்குக் கத்தி ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் பார்ப்பது பிளேடைத்தான். அதில் ஒரு புள்ளியோ, பழுப்பாக ஒரு தீற்றலோ தெரிந்தால் போதும், "பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்று கோபம் வந்துவிடும். நியாயமான கோபம்தான். ஆனால் நான் வாங்கிய கத்திகளையும், "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று நண்பர்கள் நீட்டியவற்றையும் வைத்துச் சொன்னால், கண்ணில் படும் கறைகளில் பெரும்பாலானவை துணியால் துடைத்தால் போய்விடுபவை. திருப்பி அனுப்ப வேண்டிய கத்தியோ பல நேரம் பளபளன்னு இருக்கும். அதன் கோளாறு பிளேடில் இல்லை; திறந்த பிளேடைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் இருக்கும். அந்த இடம் சரியில்லை என்றால் வெட்டுப்படுவது மாங்காய் அல்ல, விரல்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப ஏழு நாளோ பத்து நாளோதான் கொடுப்பார்கள். அதற்குள் முடிவெடுக்கணும். அதனால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை முக்கியம். சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, எனக்கு இது ரிலீஸுக்கு முந்தின டெஸ்டிங் மாதிரிதான் தோணும்: பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவர முடியாத வேலையைக் கடைசிக்குத் தள்ளு. நிறையப் பேர் பெட்டியைப் பிரித்த கையோடு எண்ணெய் போடுவார்கள், சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுப்பார்கள், கறை மேல் பிராஸோ தடவித் தேய்ப்பார்கள். அதோடு சாட்சியம் எல்லாம் போச்சு. "நீங்கதான் சார் யூஸ் பண்ணியிருக்கீங்க" என்று கடைக்காரர் சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது.

ஆகவே பெட்டி, பில் எதையும் தூக்கிப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் கத்தியின் இரண்டு பக்கமும் நாலைந்து போட்டோ. அப்புறம் உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒரு துடைப்பு. முதலில் இவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஓப்பினெல் 8-ஆம் நம்பரை எடுத்துக்கொள்கிறேன். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. 1897-இல் 1 முதல் 12 வரை நம்பர் போட்டு அளவுகள் வந்தன. 8-ஆம் நம்பரின் பிளேடு எட்டரை சென்டிமீட்டர். மரப்பிடி, பிளேடு, ஆணி, அசையாத ஒரு வளையம், அதன் மேல் சுழலும் இன்னொரு வளையம் என்று மொத்தமே ஐந்து பாகங்கள். இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. ஒரே கத்தி இரண்டு விதமான ஸ்டீலில் வருகிறது. ஒன்று கார்பன் ஸ்டீல்: கிட்டத்தட்ட 0.9 சதவீதம் கார்பன், சொல்லிக்கொள்ளும்படி குரோமியம் இல்லை. இன்னொன்று 12சி27 என்ற ஸ்வீடன் ஸ்டெயின்லெஸ்: 0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம். எது எது என்று பிளேடிலேயே 'கார்போன்', 'இனாக்ஸ்' எனப் பொறித்திருப்பார்கள். கறையைப் பற்றி யோசிக்கும் முன் அந்தச் சொல்லைப் படிக்கணும். ஒன்றில் சாதாரணமாக வரும் கறை இன்னொன்றில் புகார் செய்ய வேண்டிய கறை.

கறைகள்

டிஷ்யூ பேப்பரில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒட்டிக்கொண்டு வந்தால் அது கறையே இல்லை. தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் காய்ந்து நிறம் மாறியிருக்கும், அல்லது பாலிஷ் போட்ட பசையின் மிச்சமாக இருக்கும். ஆணி இருக்கும் மூலையில்தான் இது அதிகம் தங்கும். பித்தளை வாஷர் உள்ள கத்திகளில் பச்சையாகக்கூட வரும். இதற்கெல்லாம் கவலைப்பட ஒன்றுமில்லை.

துடைத்தும் போகாத கறை என்றால் அதன் நிறத்தைப் பார்க்கணும்.

கார்பன் ஸ்டீலில் சாம்பலும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால், அது அமிலமோ ஈரமோ பட்டு உருவான மெல்லிய படலம். ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டினால் நம் கண் முன்னாலேயே வரும். நம்மூர் அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டு அரிவாள்மனை பளபளன்னு இருந்திருக்கு? கருஞ்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், அதை யாரும் கோளாறு என்று சொன்னதில்லை. வாழைப்பூ நறுக்கினால் இரும்பு கறுப்பதற்குக் காரணம் பூவில் இருக்கும் துவர்ப்புச் சத்து. அது இரும்போடு சேர்ந்தால் கருநிறம் வரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். இந்தப் படலம் கத்திக்கு ஓரளவு காவல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த கத்தியில் அது இருந்தால் கேள்வி வேறு: இதை வைத்து யாரோ எதையோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது கை வியர்வையோடு பிடித்து வைத்திருக்கிறார்கள். கத்தி கெட்டுப்போகவில்லை, 'புதுசு' என்ற விலைக்கு அது புதுசுதானா என்பதுதான் சந்தேகம். திறந்த பிளேடில் விரல் ரேகை மாதிரியே ஒரு கறை பதிந்திருந்தால் சந்தேகம்கூட வேண்டாம், வியர்வை உப்பின் வேலை.

செம்மஞ்சள் நிறம் வேற கதை. அது துரு. சாம்பல் படலம் இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். செந்துரு அப்படி ஒட்டாது, இரும்பைவிடக் கனஅளவில் பெருத்து, பொருக்காகி உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட, அதுவும் துருப்பிடிக்கும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் செங்கல் நிறம் வரும். இங்கே பார்க்க வேண்டியது நிறத்தை மட்டும் இல்லை, ஆழத்தையும். தையல் ஊசியின் நுனியைப் புள்ளியின் மேல் மெதுவாக இழுங்கள், அழுத்த வேண்டாம். வழுக்கிக்கொண்டு போனால் மேல்துரு. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். ஊசி லேசாகத் தடுக்கினால் குழி விழுந்திருக்கிறது. குழி கூர் ஓரத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க. சாணை பிடிக்கப் பிடிக்க அந்தக் குழி கூரின் மேல் வந்து ஒரு பல் விழுந்த மாதிரி நிற்கும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய கறை இன்னொன்று. அழகாக வேற இருக்கும். மழைத் தண்ணீரில் பெட்ரோல் மிதந்த மாதிரி வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாகப் பட்டை பட்டையாக. இது ஈரத்தால் வந்தது இல்லை, சூட்டால் வந்தது. சாதாரணக் கார்பன் ஸ்டீலைச் சூடாக்கினால் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், 280-இல் ஊதா, 300-இல் நீலம் என்று மேற்பரப்பு நிறம் மாறும். கொல்லர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல் பதம் பார்த்தது இந்த நிறங்களை வைத்துத்தான். கத்தியின் ஸ்டீல் எவ்வளவு சூட்டில் பதம் வைக்கப்பட்டதோ, அதைவிட அதிகச் சூடு பட்டால் மெத்தென்று ஆகிவிடும். கூர் ஓரத்திலோ நுனியிலோ நீலம் இருந்தால், கடைசியாகச் சாணை பிடித்தவர் அவசரத்தில் பிளேடைச் சுட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போயிடுச்சு. எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. நுனி மிக மெல்லிசு என்பதால் சூடு அங்கேதான் சட்டென்று ஏறும். ஸ்டெயின்லெஸ்ஸில் இந்த நிறங்கள் வர இன்னும் அதிகச் சூடு வேணும், அதனால் அதில் தெரிந்தால் இன்னும் மோசம். ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலையில் கடைசிப் பாலிஷ் இந்த நிறத்தை அழித்துவிடலாம். நிறம் இருந்தால் குற்றம் நிச்சயம்; இல்லை என்பதால் நிரபராதி என்று ஆகிவிடாது. அழகுக்காகவே வானவில் பூச்சு போட்டு விற்கும் கத்திகளும் உண்டு. பிளேடு முழுக்க ஒரே சீராக இருந்தால் அது பூச்சு.

'ஸ்டெயின்லெஸ்னு போட்டிருக்கான், எப்படிக் கறை வரும்?'

இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வீட்டு எவர்சில்வர் டம்ளரை வைத்துக் கத்தியை எடை போடுவதால் வரும் குழப்பம் இது. நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். கார்பன் மிகக் குறைவு. துரு சுலபத்தில் அண்டாது. ஆனால் அதைச் சூடாக்கி, குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. டம்ளருக்குக் கூர் எதுக்கு? கத்திக்கு வேணும். கூர் நிற்க வேண்டுமானால் கார்பன் தேவை. அந்தக் கார்பனோ குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக் கட்டிக்கொள்ளும். மிச்சமிருக்கும் குரோமியம்தான் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் போட்டுக் காவல் காக்கிறது. டி2 என்ற ஸ்டீலை எடுத்துக்கொண்டால் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, ஆனால் கார்பனும் 1.5 சதவீதம். காவலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால்தான் அதை முழு ஸ்டெயின்லெஸ் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதில்லை.

பெயர் வந்த விதமே இதைச் சொல்லும். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது, 12.8 சதவீதம் குரோமியம் கலந்து உருக்கிய எஃகு கிடைத்தது. அவர் அதைத் 'துருவிலி' என்ற பொருளில்தான் அழைத்தார். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல், அதில் கத்தி செய்து வினிகரில் சோதித்துப் பார்த்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில்காரர் சொன்னது. ஆக அந்தப் பெயர் ஒரு வினிகர் பரீட்சையில் பாஸ் செய்ததற்கான சான்றிதழ். உப்புக்கு அது பொருந்தாது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்த மெல்லிய படலத்தை ஊசி குத்தின மாதிரி அங்கங்கே துளைக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆணிக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம்: இடுக்கில் ஆக்சிஜன் போய்ச் சேராததால் ஓட்டை விழுந்த படலம் தன்னைத்தானே அடைத்துக்கொள்ள வழியில்லை. ஸ்டெயின்லெஸ் மடக்குக் கத்தியில் துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்த மூலைதான். ஆகவே இனாக்ஸ் கத்தியின் ஆணிப் பக்கம் புதிதாக இருக்கும்போதே செந்நிறம் கசிந்தால், குடோனில் ஈரத்தில் கிடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது என்பதால் நான் அப்படிப்பட்டதை வைத்துக்கொள்ள மாட்டேன்.

கைக்குத்தான் தெரியும் குறைகள்

திறந்த பிளேடு எதனால் நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளணும். சுவிஸ் கத்தி மாதிரியானவற்றில் லாக் கிடையாது. பிடியின் முதுகில் இருக்கும் ஸ்ப்ரிங்கின் இறுக்கம் மட்டும்தான். பிளேடின் முதுகை அழுத்தினால் மடங்கும். அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். (சில சுவிஸ் மாடல்களில் லாக் உண்டு, அவை தனி.) ஓப்பினெல்லில் சுழலும் வளையம். 1955-இல் சேர்த்தார்கள், 2000-இல் மடக்கிய நிலையிலும் பூட்டும்படி மாற்றினார்கள். இப்போது சந்தையில் அதிகம் கிடைப்பது லைனர் லாக்: பிடியின் உள்பக்கத் தகடு ஒன்று ஸ்ப்ரிங் மாதிரி வளைந்து வந்து பிளேடின் அடியில் முட்டுக் கொடுக்கும்.

லைனர் லாக்கில் தகடு எவ்வளவு தூரம் உள்ளே வந்து முட்டுகிறது என்று பாருங்கள். பிளேடின் அடித் தடிமனில் கால் பங்கிலிருந்து பாதி வரை வந்து நின்றால் திருப்தி. ஓரத்தில் நகக்கண் அளவு மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அழுத்தம் வரும்போது நழுவலாம். எதிர்ப்பக்கம் வரை முழுக்கப் போய்விட்டால் தேய்மானத்துக்கு இடமே இல்லை, கொஞ்ச நாளில் ஆட்டம் காணும். ஓப்பினெல்லில் வளையத்தைத் திருப்பத் திருப்ப இறுகி, ஒரு இடத்தில் நிற்கணும். நிற்காமல் சுற்றினாலோ, நின்ற பிறகும் பிளேடு மேலும் கீழும் அசைந்தாலோ வேண்டாம்.

ஆட்டத்தில் இரண்டு வகை. பிளேடைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுவது பெரும்பாலும் ஆணியின் இறுக்கம் சம்பந்தப்பட்டது. ஸ்க்ரூ இருக்கும் கத்தியில் அரைச் சுற்று முறுக்கினால் சரியாகும். பூட்டிய நிலையில் மேல்கீழாக ஆடினால் அது லாக்கின் குறை. அதை வீட்டில் சரிபண்ண முடியாது, பண்ணவும் முயற்சிக்காதீங்க.

அடுத்தது அழுத்திப் பார்ப்பது. கவனமாகச் செய்யணும். பிளேடு மடங்கி வரும் பாதையில் ஒரு விரல்கூட இருக்கக்கூடாது. பிடியை இரண்டு பக்கமும் மட்டும் பிடிக்கணும். கனமான துண்டு ஒன்றை நாலாக மடித்து மேஜை மேல் வைத்து, திறந்து பூட்டிய பிளேடின் முதுகை அதன் மேல் வைத்து மெதுவாக அழுத்தத்தை ஏற்றுங்கள். நழுவுகிற உணர்வோ, 'டிக்' என்ற சத்தமோ வந்தால் அங்கேயே நிறுத்திடுங்க. பத்துப் பதினைந்து முறை திறந்து மடக்கிவிட்டு மறுபடி ஒரு தடவை. சில தகடுகள் முதல் நாலு முறை ஒழுங்காக உட்கார்ந்துவிட்டு அப்புறம்தான் குணம் காட்டும். வீடியோக்களில் கத்தியின் முதுகை மேஜையில் ஓங்கி அடித்துச் சோதிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிஜத்தில் யாரும் கத்தியை அப்படிப் பயன்படுத்துவதில்லை, நல்ல லாக்கும் அதில் அடிபடும்.

மடக்கிய நிலையையும் விடக்கூடாது. நுனி பிடியின் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று துணியை மேலே இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் பாக்கெட்டில் விரலும் சிக்கும். பூட்டில்லாமல் மடங்கி நிற்கும் கத்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறினால் பிளேடு வெளியே தலைகாட்டக்கூடாது. ஸ்ப்ரிங் கத்திகளில் கூர் ஓரம் மடங்கும்போது உள்ளே ஸ்ப்ரிங்கில் இடிக்கலாம். கூரில் ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்ப மழுங்கினால் காரணம் அதுதான்.

கூரைப் பார்ப்பது சுலபம். விளக்கைப் பார்த்தபடி கூர் ஓரத்தை மேலே திருப்பிப் பிடித்தால் நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, கண்ணுக்கே தெரியாது. மினுங்கும் புள்ளி எங்கே இருக்கோ அங்கே மழுங்கல் அல்லது பல். நியூஸ்பேப்பரை வெட்டும்போது தடுக்கும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். பிளேடு நேராக இருக்கிறதா என்பதற்கு ஆசாரி ரீப்பரைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகு வழியே நுனி வரை பார்த்தால் போதும். கூர் சரியில்லை என்பதற்காக மட்டும் நான் கத்தியைத் திருப்பி அனுப்பமாட்டேன். பத்து நிமிஷம் சாணைக்கல்லில் தீரும் விஷயம். வளைவு அப்படி இல்லை.

ஓப்பினெல் வாங்குபவர்களுக்கு மட்டும் ஒன்று. மழைக்காலத்தில் திறக்கவே முடியாதபடி பிளேடு இறுகிக்கொள்ளும். பீச் மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, பிளேடை இரு பக்கமும் கவ்விக்கொள்கிறது. சவோய்க்காரர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு. வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் பின்நுனியை மேஜை விளிம்பில் தட்டுவார்கள், பிளேடு கொஞ்சம் வெளியே வரும். அந்தத் தட்டலுக்கே 'சவோய்க்காரன் தட்டு' என்று பிரெஞ்சில் ஒரு பெயர் இருக்கு. சென்னையில் நவம்பரில் இந்தக் கத்தி வாங்கி, 'டைட்டா இருக்கு' என்று திருப்பி அனுப்புவது வீண் வேலை. ஆணியைச் சுற்றி மரத்தில் விரிசல் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் விரிசல் கோடாகத் தெரியும்.

வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் எண்ணெய். ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிளேடு காய், பழத்தில் படும் என்பதால் அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் போதும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மறுபடி பழுப்புக் கறை வந்துவிட்டதாக நினைத்து நீங்களே பயப்படுவீர்கள். வெட்டி முடித்ததும் துடைத்து, ஆணிப் பக்கம் காய்ந்த பிறகு மடக்குங்கள். கூடவே தோல் உறை கொடுத்திருந்தால் வெளியே எடுத்துப் போகும்போது மட்டும் அதில் போடுங்கள். மாசக்கணக்கில் அதற்குள்ளேயே வைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.